முதலில் யார் உட்காருவது?

மணி எட்டு பதினேழுக்கு முதல் கைதட்டல் விழுந்தது. அது ஆபத்தான சமாசாரம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பெர்னிஸ் கோல்டருக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஹார்லன் ஃபால்ஸ் பாலே குழுவுக்கு நிதி திரட்டுவது அவள் உத்தியோகம். பதினோரு வருடமாக இந்த ஆண்டு விருந்தை நிமிடக் கணக்கு போட்டு நடத்துகிறவள். கையிலிருந்த தாளில், 'மதாம் வாஸ் கௌரவிப்பு: நான்கு நிமிடம்' என்று அவளே அடித்து வைத்திருந்தாள்.

மார்ச்மண்ட் ஹோட்டலின் பெரிய கூடத்தில் முப்பத்து நான்கு வட்ட மேஜைகள். மேஜைக்குப் பத்துப் பேர். அதில் ஒருவர் குழுவின் நடனக்காரர். பணம் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது அவர் வேலை; அவர் ரொட்டியைத் தொடுகிறாரா என்று கவனிப்பது மற்ற ஒன்பது பேர் வேலை. சூப் முடிந்திருந்தது. சால்மன் மீன் தட்டுகள் அப்போதுதான் வைக்கப்பட்டிருந்தன.

மேடையில் மதாம் ஆரேலியா வாஸ். எழுபத்தொன்பது வயது. இந்த ஊரில் பிறந்து, நியூயார்க் போய், உலகம் சுற்றி, ஐம்பது வருடம் ஆடித் தீர்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கண்ணாடிக் கேடயத்தை வாங்கி அருகிலிருந்த சிறு மேஜையில் வைத்தார். வலது காலைப் பின்னால் இழுத்தார். முழங்கால் மடங்கியது. கைகள் இரண்டும் தண்ணீருக்குள் விரிவதுபோல மெல்ல விரிந்தன. தலை தாழ்ந்தது. அப்படியே தங்கியது. பிறகுதான் எழுந்தார். ஒரு வணக்கத்துக்கு முழுசாக நாற்பது விநாடி.

கூடம் எழுந்து நின்று தட்டியது.

பெர்னிஸும் தட்டினாள், கடிகாரத்தைப் பார்த்தபடி. எட்டு இருபத்தொன்றுக்கு மட்டை தூக்கும் படலம் ஆரம்பிக்க வேண்டும். ஏலக்காரர் ஒரு தொகையைச் சொல்வார். கொடுக்க மனமுள்ளவர்கள் எண் எழுதிய மட்டையைத் தூக்குவார்கள். பதிலுக்கு ஒன்றும் கிடைக்காது, பக்கத்து மேஜைக்காரரின் பொறாமையைத் தவிர. பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் வேண்டியது மூன்று லட்சம் டாலர். வராவிட்டால் திங்கட்கிழமை நிர்வாகக் குழு கூடி ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்துவிடும். முப்பத்தொரு வாத்தியக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். டிசம்பர் மாத பாலேயைப் பதிவு செய்த இசைக்கு ஆடிக்கொள்ளலாம். அந்த முப்பத்தொரு பேரில், பசூன் என்கிற ஆளுயரக் குழலை ஊதும் டெஸ்மண்ட், பெர்னிஸின் கணவன். வேலைநீக்கக் கடிதங்களை அனுப்ப வேண்டியவளும் பெர்னிஸ்தான். உறைகள் தயாராக இருந்தன. அகரவரிசைப்படி மூன்றாவது உறையில் அவள் தன் வீட்டு முகவரியையே எழுதியிருந்தாள்.

மூன்று லட்சத்தில் பாதியை வின்ஸ்லோ பிராக்கெட் தருவதாகச் சொல்லியிருந்தார். எண்பத்தொரு வயது, நான்கு மாநிலங்களில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்கிறவர். ஆனால் ஒரு நிபந்தனை.

"கூடத்துல இருக்கிறவங்க ஒன்றரை லட்சத்துக்கு மட்டை தூக்கட்டும். அதை நான் என் ரெண்டு கண்ணால பாக்கணும். பாத்தேன்னா அங்கேயே நானும் ஒன்றரை லட்சத்துக்குத் தூக்குறேன். அப்புறமா போன் பண்றது, மெயில்ல லிஸ்ட் அனுப்புறது, அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம் பெர்னிஸ்."

சரி என்றுதான் சொல்லியிருந்தாள். சிக்கல் என்னவென்றால், பிராக்கெட் எங்கே போனாலும் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். சொந்த மகள் கல்யாணத்திலேயே கேக் வெட்டுவதற்கு முன் கிளம்பியவர்.

எட்டு இருபத்தொன்று. மதாம் வாஸ் ஆறாவது வணக்கத்தில் இருந்தார்.

எட்டு இருபத்தாறு. பதிமூன்றாவது.

பெர்னிஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் முகத்திலும் அதே மலர்ந்த சிரிப்பு. ஆனால் யார் கண்ணும் மேடையில் இல்லை. எல்லாருடைய கண்ணும் ஒன்றாம் மேஜையில், விருந்தின் தலைவி மில்லிசென்ட் ஆட்லி மேல் இருந்தது. அவர் உட்கார்ந்தால் உட்காரலாம்.

பெர்னிஸ் நாற்காலிகளுக்கு நடுவே நெளிந்து வளைந்து போய் அவர் காதருகே குனிந்தாள். தட்டிக்கொண்டேதான்.

"மில்லிசென்ட், நீங்க உட்கார்ந்தா எல்லாரும் உட்கார்ந்துடுவாங்க."

"தெரியும்." அவர் உதடு அசையாமல் பேசினார். "போன வருஷம் நான்தான் முதல்ல உட்கார்ந்தேன். மறுநாள் பேப்பர்ல என்ன போட்டான்? 'ஆட்லி சீமாட்டிக்குக் கலையைவிடக் கோழி முக்கியம்.' கோழி, பெர்னிஸ். அன்னிக்குப் பரிமாறினது வாத்து."

"ஒன்பது மணிக்கு பிராக்கெட் போயிடுவாரு."

"அதுக்கு மதாமை இறங்கச் சொல்லு. அவங்க மேடையில நிக்கிற வரைக்கும் நான் உட்கார மாட்டேன். எனக்கும் மானம் ஈனம் இருக்கு."

பெர்னிஸ் மேடையின் ஓரத்துக்கு ஓடினாள். அங்கே காதில் கருவி மாட்டிக்கொண்டு பிலிப்பா நின்றிருந்தாள். குழுவின் மேடை நிர்வாகி. முப்பது வருடமாக நடனக்காரர்களை மேடைக்குள் அனுப்பி வெளியே எடுப்பவள்.

"அவங்களை இறக்கு பிலிப்பா."

"இறங்க மாட்டாங்க."

"ஏன்?"

"திரை விழலையே." பெர்னிஸின் அறியாமையைப் பார்த்து பிலிப்பா பரிதாபப்பட்டாள். "ஒரு பாலரீனா ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நடந்து போறதை நீ பாத்திருக்கியா? கைதட்டுற வரைக்கும் வணங்கணும். திரை விழுந்தா போகணும். எட்டு வயசுலேர்ந்து அதுதான் பழக்கம். தியேட்டர்லன்னா நான் பொத்தானை அமுக்கிடுவேன். இது ஹோட்டல். இங்க திரை ஏது?"

பெர்னிஸுக்கு விஷயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கைதட்டல் நிற்கும்வரை அவர் போகமாட்டார். அவர் போகும்வரை கைதட்டல் நிற்காது. நடுவே சால்மன் ஆறிக்கொண்டிருந்தது.

"விளக்கை அணை" என்றாள்.

பிலிப்பா அணைத்தாள். கூடம் இருண்டது. இதுவும் மரியாதையின் ஒரு பகுதி என்று முந்நூற்று நாற்பது பேரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கையில் செல்போன் விளக்கை ஏற்றிப் பிடித்து, மறு கையால் தொடையில் தட்டினார்கள். அந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து மதாம் நெஞ்சில் கை வைத்தார். வணக்கம் ஐம்பது விநாடியாக நீண்டது.

"விளக்கைப் போட்டுத் தொலை."

அடுத்தது இசை. மேடைக்குக் கீழே ஆர்கெஸ்ட்ராவின் ஒன்பது பேர், சாப்பாட்டுக்குப் பின் வரும் நடனத்துக்காகத் தயாராக இருந்தார்கள். பெர்னிஸ் டெஸ்மண்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவன் வலது காலால் தரையைத் தொம் தொம் என்று மிதித்துக்கொண்டிருந்தான். வயலின்காரர்கள் வில்லால் இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்கள். கையில் வாத்தியம் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் பாராட்டுவார்கள்.

"டெஸ்மண்ட், ஏதாவது வாசிங்க. எதையாவது. பாட்டு ஆரம்பிச்சா ஜனங்க நிறுத்துவாங்க."

"கைதட்டல் அடங்காம எப்படி வாசிக்கிறது? ஆர்கெஸ்ட்ராவை நடத்துற கண்டக்டர் குச்சியைத் தூக்கவே மாட்டாரு."

"நீ ஆரம்பியேன்."

"பசூனை வெச்சா?" மிதிப்பதை நிறுத்தாமலே அவன் அவளைப் பார்த்தான். "தனியா ஒரு பசூன் கத்துனா ஜனங்க யாருக்கோ வயிறு சரியில்லைன்னு நினைப்பாங்க."

"உன் வேலை போகப் போகுதுடா."

"தெரியுது பெர்னிஸ். ஆனா காலை நிறுத்துனா பக்கத்துல இருக்கிற செல்லோக்காரி பாக்குறா. ஏற்கெனவே எனக்குக் கர்வம்னு சொல்லிட்டுத் திரியறா."

எட்டு முப்பத்தெட்டு. இருபத்தெட்டாவது வணக்கம்.

பெர்னிஸ் திரும்பி வந்தபோது பிலிப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். "திரைதானே இல்லை? செஞ்சுடுவோம்."

நீள மேஜைக்கு விரிக்கிற வெள்ளைத் துணிகள் இரண்டு கொண்டுவரப்பட்டன. நான்கு பரிமாறுகிறவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று துணிகளை உயரப் பிடித்தார்கள். பிலிப்பா விரலைச் சொடுக்க, இரண்டு பக்கத்திலிருந்தும் நாற்காலி நாற்காலியாகத் தாவி நடுவில் சேர்ந்தார்கள். மதாம் வாஸ் துணிக்குப் பின்னால் மறைந்தார்.

பெர்னிஸ் மூச்சு விட்டாள். அது முட்டாள்தனம். திரை விழுந்தால் கைதட்டல் இரட்டிப்பாகும் என்பதை அவள் மறந்துபோனாள். பதினோரு வருடமாகப் பாலே பார்க்கிறவள் மறக்கக் கூடாத விஷயம் அது. கூடம் அதிர்ந்தது. யாரோ "ப்ராவா" என்றார்கள். இரண்டு துணிகளும் சேருமிடத்தில் ஒரு மெல்லிய கை தெரிந்தது. துணி விலகியது. மதாம் திரைக்கு முன்னால் வந்து நின்று, ஒரு கையால் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி, வணங்கினார்.

உள்ளே போனார். வெளியே வந்தார். வணங்கினார். ஐந்து தடவை.

"இதுக்குப் பேர்தான் கர்ட்டன் கால்" என்றாள் பிலிப்பா, கண் கலங்கி. "எவ்வளவு சுத்தமா பண்றாங்க பாரு."

"பிலிப்பா, நீ யார் பக்கம்?"

நாற்காலி மேல் நின்ற நால்வரில் ஒருவனுக்குக் கை மரத்துப்போய்த் துணி நழுவியது. அதோடு திரையின் கதை முடிந்தது.

எட்டு ஐம்பத்தொன்று. நிலைமை இன்னும் கெட்டது. சாப்பாட்டுத் தட்டை ஏன் யாரும் தொடவில்லை என்று பார்க்கச் சமையற்காரர் வெளியே வந்தார்; கூடமே நின்று தட்டுவதைக் கண்டார்; சால்மனுக்குத்தான் என்று நினைத்து உருகிப்போய், விஷயம் தெரிந்த பிறகும் வெட்கத்தில் திரும்பிப் போக முடியாமல் தட்டினார். பக்கத்துக் கூடத்தில் ஒரு கல்யாணம். அங்கிருந்து சத்தம் கேட்டு வந்த மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைத் தேடி வந்த மாமனார். அவரைத் தேடி வந்த பாதிரியார். உள்ளே வந்தவர் யாரும் வெளியே போகவில்லை.

ஏழாம் மேஜையில் ஒரு வயதான சீமாட்டி நின்ற வாக்கிலேயே தூங்கிவிட்டார். கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

எட்டு ஐம்பத்தெட்டு.

பெர்னிஸ் இரண்டாம் மேஜையைப் பார்த்தாள். வின்ஸ்லோ பிராக்கெட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதற்காக மணிக்கட்டைத் திருப்பித் தட்டினார். ஒரு தட்டு, ஒரு பார்வை. வாசலில் அவருடைய டிரைவர் ஆல்வின் மேல்கோட்டோடு வந்துவிட்டான். சரியாக ஒன்பது. ஆல்வின் கூட்டத்துக்குள் நுழைந்து முதலாளியின் பின்னால் போய்க் கோட்டை விரித்துப் பிடித்தான்.

முடிந்தது. பெர்னிஸின் மனதில் முப்பத்தொரு உறைகளும் வரிசையாகத் தபால்பெட்டிக்குள் விழுந்தன.

பிராக்கெட் ஒரு கையைக் கோட்டின் கைக்குள் நுழைக்கப் பார்த்தார். நுழைக்க வேண்டுமானால் தட்டுவதை நிறுத்த வேண்டும். நிறுத்தினார். ஒரே விநாடி.

ஒன்றாம் மேஜையிலிருந்து மில்லிசென்ட் ஆட்லி திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பார்வையைப் பின்பற்றி இரண்டாம் மேஜை திரும்பியது. மூன்றாம் மேஜை. நான்காம் மேஜை. பிராக்கெட்டின் கை கோட்டிலிருந்து வெளியே வந்து மறுபடி மற்ற கையைச் சந்தித்தது. அவர் தட்டினார். மில்லிசென்டின் கண் ஆல்வின் மேல் விழ, ஆல்வின் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவனும் தட்டினான்.

ஒன்பது ஒன்று. பிராக்கெட் இருந்தார்.

ஒன்பது இரண்டு. இன்னும் இருந்தார்.

அரை மணிக்கு மேலாக எதை நிறுத்தப் பார்த்தோமோ, அந்த ஒன்றுதான் அவரை இந்தக் கூடத்தில் கட்டிப்போட்டிருக்கிறது என்பது பெர்னிஸின் மண்டைக்குள் பளீரென்று இறங்கியது. இது ஓயக் கூடாது. இன்னும் கொஞ்ச நேரம் ஓயவே கூடாது.

அவள் ஏலக்காரரை நோக்கிப் பாய்ந்தாள். கஸ் டெம்பிள்டன், வார நாட்களில் சந்தையில் மாடு ஏலம் விடுகிறவர். வருடத்தில் ஒரு நாள் வாடகைக் கோட்டு போட்டுக்கொண்டு பாலேக்காரர்களிடம் வருவார்.

"கஸ், மட்டையை ஆரம்பிங்க. இப்பவே."

"இந்தச் சத்தத்துலயா மேடம்? சந்தையில இப்படித் தட்டுனா மாடு மிரண்டு வேலியை ஒடைச்சிட்டுப் போயிடும்."

"இது போகாது. அதுதான் விஷயம். ஆரம்பிங்க."

"அந்தம்மா மேடையில இருக்காங்களே."

"இருக்கட்டும். அவங்களுக்குப் பக்கத்துல நின்னு கூவுங்க. ஆனா அவங்க வணங்குறதை நிறுத்திடக் கூடாது. நிறுத்திட்டா செத்தோம்."

கஸ் தோளைக் குலுக்கிக்கொண்டு ஒலிவாங்கியோடு மேடை ஏறினார். மதாம் வாஸ் அவரைக் கடைக்கண்ணால் பார்த்து, தன்னோடு ஆடியவர் யாரோ வணங்க வந்திருக்கிறார் என்பதுபோல அரையடி இடம் விட்டார்.

"பத்தாயிரம்" என்றார் கஸ், கைதட்டலுக்கு மேல். "ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பத்தாயிரம் யாரு? மட்டை தூக்குறவங்க அப்படியே தூக்கிப் பிடிங்க. நான் வித்தாச்சுன்னு சொல்ற வரைக்கும் இறக்கக் கூடாது. இறக்கினா கணக்குல வராது."

யாரும் தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள்? இரண்டு கையும் வேலையாக இருந்தன.

பதினான்காம் மேஜையில் டாக்டர் ஹொரேஸ் பிம் நின்றிருந்தார். பல் டாக்டர். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஒரு கடைவாய்ப் பல்லை அவர் பிடுங்க வேண்டும். உள்ளங்கைகள் தக்காளி நிறத்தில் இருந்தன. விரல்கள் மரத்துப்போய் அரை மணி ஆகியிருந்தது. அவர் கஸ்ஸைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். மட்டை பிடித்த கை தட்ட முடியாது. தட்டாத அந்தக் கையை யாரும் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அது தர்மம் செய்துகொண்டிருக்கும்.

டாக்டர் பிம் மட்டையைத் தூக்கினார். அவர் முகத்தில் பரவிய நிம்மதியைப் பக்கத்து மேஜைகள் பார்த்தன.

அப்புறம் கஸ்ஸின் முப்பது வருட அனுபவத்தில் எந்தச் சந்தையிலும் காணாத காட்சி. பதினான்காம் மேஜையிலிருந்து மட்டைகள் குபுகுபுவென்று கிளம்பின. புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று. ஒரே வீட்டிலிருந்து இரண்டு மட்டை என்று யாரும் யோசிக்கவில்லை.

"பத்தாயிரத்துக்கு ஏழு. எட்டு. அய்யா, நீங்க தலையில வெச்சிருக்கிறது மட்டையா தட்டா? மட்டை. ஒன்பது. ஐயாயிரத்துக்கு வர்றேன். ஐயாயிரம்..."

"எனக்கு ஐயாயிரம்" என்று ஒரு குரல் ஏறக்குறைய அழுதது.

"ஆயிரத்துக்குச் சீக்கிரம் இறங்குய்யா" என்றது இன்னொரு குரல். "கை போகுது."

கல்யாண மாப்பிள்ளை மட்டைக்காகக் கையை நீட்டிக் கெஞ்சினான். பிலிப்பா ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் இருநூறு டாலருக்குத் தூக்கினான். மணப்பெண் அவன் தோளில் சாய்ந்து கையை ஊதிக்கொண்டாள். மில்லிசென்ட் ஆட்லி கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு, பன்னிரண்டாயிரத்துக்குத் தூக்கினார். அவர் யாரும் கேட்காத தொகையைத்தான் எப்போதும் கொடுப்பார்.

ஒன்பது பதின்மூன்றுக்குக் கஸ் நிமிர்ந்தார். "ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்."

கூடத்தில் மட்டைக் காடு. அதற்குள் ஒரே ஒரு ஜோடிக் கைகள் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன. தட். தட். தட். வின்ஸ்லோ பிராக்கெட்.

மேடையில் மதாம் வாஸ் அந்த ஒரு கைதட்டலுக்கும் வணங்கினார். அறுபத்தோராவது.

பெர்னிஸ் இரண்டாம் மேஜைக்குப் போனாள். "மிஸ்டர் பிராக்கெட், பாத்தீங்கல்ல? ரெண்டு கண்ணால."

"பாத்தேன்."

"அப்ப உங்க மட்டை?"

"தூக்குறேம்மா. தட்டி முடிச்சதும்."

"எல்லாரும் நிறுத்திட்டாங்க சார்."

"அவங்க நிறுத்தினப்ப தட்டுறதுக்கு நான் இருந்தேன். கடைசி ஆளா நான் நிறுத்தினா எப்படி இருக்கும்? அந்தம்மா என்னைப் பாத்துத்தான் குனியுறாங்க. நேரா என் மூஞ்சியைப் பாத்து." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்களைப் போகச் சொல்லு. போன அடுத்த செகண்டு தூக்குறேன்."

பெர்னிஸ் மேடைக்கு ஓடினாள். தாழ்ந்திருந்த வெள்ளைத் தலையருகே மண்டியிட்டுக் கிசுகிசுத்தாள். "மதாம், போதும். நீங்க போகலாம்."

"அந்த ஊறுகாய்க்காரர் தட்டுறாரே" என்றார் மதாம், வணக்கத்தின் அடி ஆழத்திலிருந்து.

"ஒரே ஒருத்தர்தான் மதாம்."

"கான்சாஸ்ல ஒரு தடவை, பனிப்புயல், மொத்தமே ஒருத்தன்தான் வந்திருந்தான். அவனுக்கும் வணங்கினேன். அவனை நிறுத்தச் சொல்லு, நான் போறேன்."

இருவரும் நியாயஸ்தர்கள். இருவரும் இறங்கி வரமாட்டார்கள். ஒன்பது பதினாறு. மட்டை பிடித்த கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. அவை இறங்கிவிட்டால் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரமும் இறங்கிவிடும், பிராக்கெட்டின் கண்ணெதிரில்.

அவர் தட்டுவதை நிறுத்த ஒரே இடம்தான் உண்டு. மேடையில் நிற்பவர் கைதட்டுவதில்லை.

பெர்னிஸ் இரண்டாம் மேஜைக்குத் திரும்பி, எண்பத்தொரு வயது ஊறுகாய் அதிபரின் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க சார்."

"எங்கம்மா?"

"மதாம் கூப்பிடுறாங்க."

பச்சைப் பொய். தட்டியபடியே அவரை மூன்று படி ஏற்றினாள். மதாம் வாஸ் பக்கத்தில் ஓர் ஆண் வந்து நிற்பதை உணர்ந்தார். எழுபது வருடப் பயிற்சி, யோசிக்கவே இல்லை. இடது கையை நீட்டினார். நீட்டிய கையைப் பிடிக்காமல் எந்தக் கனவான் நிற்பான்? பிராக்கெட் பிடித்தார்.

தட்டல் நின்றது.

கூடத்தில் ஐம்பத்தொன்பது நிமிடத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிசப்தம். பெர்னிஸ் அவருடைய மறுகையில் மட்டையைத் திணித்தாள். மதாம் வணங்கக் குனிந்தார். கையோடு பிராக்கெட்டும் இழுபட்டுக் குனிந்தார். சமநிலைக்காக மறுகை மட்டையோடு உயரே போனது.

"ஒன்றரை லட்சம்" என்று கஸ் அலறினார். "வித்தாச்சு."

தூக்கிய மட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே விழுந்தன. முப்பத்தொரு வேலைகள் பிழைத்தன. பிராக்கெட் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். இவ்வளவு உயரத்திலிருந்து, இவ்வளவு முகங்களை, இவ்வளவு விளக்கில் அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு அது பிடித்திருந்தது. இரண்டாவது தடவை யாரும் இழுக்காமல் தானாகவே குனிந்தார்.

மேடையில் இரண்டு பேர் வணங்கினால் கூடம் என்ன செய்யும்? மில்லிசென்ட் ஆட்லி கண்ணை மூடிக்கொண்டு, வலியில் பல்லைக் கடித்து, தட்டினார். ஒன்றாம் மேஜை தட்டியது. இரண்டாம் மேஜை. மறுபடி முதலிலிருந்து.

பெர்னிஸ் மேடைப் படியில் நின்று பார்த்தாள். ஒன்பது இருபத்தொன்று. பன்னிரண்டாயிரம் கொடுத்த சீமாட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பர்காரன் மூலையில் இருந்தான். அடுத்த வருடமும் இவர்களிடமேதான் கேட்க வேண்டும்.

அவள் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியைச் சத்தம் கேட்கும்படி இழுத்தாள். கூடத்துக்கு நட்டநடுவே போட்டாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்ததோடு விடாமல் ஒரு முள்கரண்டியை எடுத்துச் சால்மனில் குத்தினாள்.

ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முந்நூற்று நாற்பது பேரும் உரலைத் தரையில் போட்டதுபோல் உட்கார்ந்தார்கள். உட்கார நாற்காலி இல்லாத கல்யாணக் கோஷ்டி தரையில் அமர்ந்தது. பாதிரியாரும்தான்.

"கோழி முக்கியம்னு எழுதட்டும்" என்றாள் பெர்னிஸ், பக்கத்திலிருந்தவரிடம். "இல்ல, மீன்."

மேடையிலிருந்து மதாம் வாஸ் பிராக்கெட்டின் கையைப் பிடித்துப் படியிறங்கினார். இறங்கும்போது முகம் சுளித்து நொண்டினார். பெர்னிஸின் நாற்காலி அருகே நின்றார்.

"ஏம்மா, இதை முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா? யாராவது ஒருத்தர் உட்காருவாங்கன்னு நான் ரெண்டாவது வணக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். ரெண்டு முழங்காலும் பிளாஸ்டிக்."

"நீங்க நிறுத்தியிருக்கலாமே மதாம்."

"நானா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "ஜனங்க நின்னுக்கிட்டு இருக்கும்போதா?"

ஆல்வின் கோட்டை விரித்துப் பிடித்தான். பிராக்கெட் கையை நுழைக்கவில்லை. "இரு ஆல்வின். அடுத்த வருஷமும் இந்த மேடை இருக்குமான்னு விசாரி."

கண்டக்டர் கடைசியில் குச்சியைத் தூக்கினார். ஒன்பது பேரும் நடனத்துக்கான வால்ட்ஸை ஆரம்பித்தார்கள். நடுவில் பசூனுக்கு எட்டு ஆவர்த்தனம் தனியாக வரும். டெஸ்மண்ட் அதை அன்று வாசித்ததுபோல் பெர்னிஸ் கேட்டதில்லை. வயலின்கள் ஏறி, இறங்கி, மெல்ல அடங்கின. வாத்தியக்காரர்கள் நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார்கள்.

ஒருவர்கூடத் தட்டவில்லை. எல்லாருடைய கைகளும் ஷாம்பெய்ன் வாளிகளின் ஐஸுக்குள் இருந்தன.